பறவை பார்க்கத் தொடங்குவோம்: சிறுவயதில் விட்ட இடத்திலிருந்து ஒரு வழிகாட்டி

கிராமத்திலோ சிறு நகரத்திலோ வளர்ந்த யாரிடமாவது பேச்சுக் கொடுத்துப் பாருங்கள், பறவைகளைப் பற்றிச் சொல்ல அவர்களிடம் ஏதாவது ஒன்று இருக்கும். கிணற்றுக்கு மேல் சாய்ந்து நின்ற மரத்தில் தொங்கிய தூக்கணாங்குருவிக் கூடு, சாமி படத்துக்குப் பின்னால் வைக்கோலைக் கொண்டுவந்து சேர்த்த சிட்டுக்குருவி, விடியற்காலையில் வேலியில் இருந்து ஊப் ஊப் என்று குரல் கொடுத்த செம்போத்து. பத்து வயதில் அவ்வளவு கூர்மையாகப் பார்த்தவர்கள்தான் படிப்பு, வேலை, ஊர் மாற்றம் என்று வந்தபிறகு அண்ணாந்து பார்ப்பதையே விட்டிருப்பார்கள். அந்த ஆர்வத்துக்குத் திரும்ப வர நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிறுவயதில் அப்படி எதுவும் வாய்க்காதவர்களும் இதே வழியில் தொடங்கலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புதிதாக வருகிறவர்கள் பலர் கேமரா வாங்குகிறார்கள், உடனே வேடந்தாங்கல் போகிறார்கள், ஆயிரக்கணக்கில் பறவைகளைப் பார்த்துவிட்டு எது எதுவென்று தெரியாமல் திரும்புகிறார்கள். அதோடு ஆர்வமும் அடங்கிவிடுகிறது. முதலில் வீட்டைச் சுற்றி இருக்கும் பறவைகள், அடுத்து நடந்துபோகும் தொலைவில் ஒரு நீர்நிலை, அதன்பிறகு சரணாலயம். இந்த வரிசையில் போனால் ஒவ்வொரு கட்டத்திலும் கண்ணுக்குப் பழக்கம் கூடிக்கொண்டே வரும். கேமரா கடைசியில் வரட்டும், வராமலே போனாலும் குறையில்லை.

முதலில் ஒரு பழைய பட்டியல்

வெளியே கிளம்புவதற்கு முன் ஒரு மாலை நேரம் ஒதுக்கி உட்காருங்கள். சிறுவயதில் உங்களுக்குத் தெரிந்திருந்த பறவைகள் எல்லாவற்றையும் உங்கள் வீட்டில் சொன்ன பெயரிலேயே எழுதுங்கள். கைபேசியைப் பார்க்க வேண்டாம். காகம், புறா, கிளி, மைனா என்று தொடங்கினால் ஆள்காட்டி, பனங்காடை, கொண்டலாத்தி, வால்காக்கை என்று நினைவு தானாகவே வயலுக்கும் தோப்புக்கும் போகும். பெயர் தெரியாததை "கரண்டுக் கம்பியில் உட்காரும், வால் பிளந்திருக்கும்" என்று அடையாளமாக எழுதினாலே போதும்.

அப்புறம் ஊருக்கு ஒரு போன் போடுங்கள். அம்மா, அத்தை, சித்தப்பா, யாராக இருந்தாலும் சரி. "நம்ம வயல்ல ஏர் ஓட்டுறப்ப பின்னாடியே வருமே, அது பேரு என்ன?" என்று கேட்டால் பேச்சு எங்கெங்கோ போகும், பட்டியலும் நீளும். ஒரே பறவைக்கு ஊருக்கு ஊர் பெயர் மாறும். செம்போத்தைச் செண்பகம் என்பார்கள், கரிச்சானை இரட்டைவால் குருவி என்பார்கள். ஊர்ப் பெயரையும் நூல்களில் வரும் பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவரிடம் பேச ஊர்ப் பெயர் வேண்டும், பதிவு செய்ய நூல் பெயர் வேண்டும்.

ஒவ்வொரு பெயருக்கும் எதிரே அன்று எங்கே பார்த்தீர்கள், கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்று குறித்துவையுங்கள். இதில் சிட்டுக்குருவியைப் பற்றித்தான் எல்லோரும் முதலில் கேட்பார்கள். 2020இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை, சிட்டுக்குருவி நாடு முழுவதும் பார்த்தால் ஏறக்குறைய நிலையாக இருக்கிறது என்றும், பெருநகரங்களில்தான் குறைந்திருக்கிறது என்றும் சொன்னது. கைபேசிக் கோபுரங்கள்தான் காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டாலும் அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. கூடு வைக்க இடுக்கு இல்லாத கட்டடங்களும், குஞ்சுகளுக்கு ஊட்டப் பூச்சி கிடைக்காததும் முக்கியமான காரணங்களாகக் கருதப்படுகின்றன. உங்கள் தெருவில் சிட்டுக்குருவி இல்லை என்றால், நான்கு தெரு தள்ளி பழைய மளிகைக் கடையோ அரிசி மண்டியோ இருக்கும் இடத்தில் தேடிப் பாருங்கள்.

வாசலிலேயே இரண்டு வாரம்

மொட்டை மாடி, சன்னல், தெருமுனை வேப்பமரம் என்று ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். சூரியன் உதித்ததில் இருந்து இரண்டு மணி நேரம் பறவைகள் மும்முரமாக இயங்கும் நேரம். அதில் கால் மணி நேரம் அசையாமல் இருந்து பார்த்தால் போதும். வேலைக்குப் போகிறவர்களுக்கு மாலை நாலரைக்கு மேல் கிடைக்கும் நேரமும் நல்ல நேரம்தான். இந்தக் கட்டத்தில் பைனாகுலர் தேவையில்லை.

பார்க்கும்போது நிறத்தைக் கடைசிக்குத் தள்ளுங்கள். புதியவர்களுக்கு நான் சொல்வதில் இதுதான் முக்கியமானது. பறவை வெளிச்சத்துக்கு எதிரே உட்கார்ந்திருந்தால் எல்லாமே கறுப்பாகத் தெரியும். ஆணுக்கும் பெண்ணுக்கும் நிறம் வேறாக இருக்கும், குஞ்சுக்கு இன்னும் வேறாக இருக்கும். அதனால் முதலில் அளவைப் பாருங்கள்: சிட்டுக்குருவி அளவா, மைனா அளவா, காகம் அளவா, பருந்து அளவா? அடுத்து அலகு. தடித்துக் குட்டையாக இருந்தால் தானியம் உடைப்பது, ஊசிபோல் வளைந்திருந்தால் தேன் குடிப்பது. பிறகு வால் நீளம், உட்காரும் தோரணை, தரையில் நடக்கிறதா தத்துகிறதா, தனியாக வருகிறதா கூட்டமாக வருகிறதா என்று பாருங்கள். நிறம் இதற்கெல்லாம் பிறகுதான்.

குயிலை எடுத்துக்கொள்ளுங்கள். ஆண் பளபளக்கும் கறுப்பு, கண் மட்டும் சிவப்பு. பெண் பழுப்பு, உடம்பெங்கும் வெள்ளைப் புள்ளிகள். குக்கூ என்று ஏறிக்கொண்டே போகும் குரல் ஆணுடையது. பெண் கிக்-கிக்-கிக் என்று கீச்சிடும். பல ஆண்டுகளாகக் குயிலோசை கேட்டவர்கள்கூட இந்தப் புள்ளிபோட்ட பறவையை வேறு ஏதோ ஒன்று என்று நினைத்திருப்பார்கள். மார்ச் தொடங்கிப் பல மாதங்களுக்கு, காகம் கூடு கட்டியிருக்கும் மரத்தின் பக்கமாகக் கவனியுங்கள். ஆண் குயில் காகங்களின் கண்ணில் படும்படி வந்து துரத்தலுக்கு ஆளாவதையும், பெண் இலைமறைவில் இருப்பதையும் பார்க்கலாம். காகத்திலும் இரண்டு வகை உண்டு. கழுத்தில் சாம்பல் பட்டை இருப்பது வீட்டுக்காகம், முழுக்கக் கறுப்பாகத் தடித்த அலகோடு இருப்பது அண்டங்காக்கை. தினமும் சோறு வைக்கிறீர்களே, நாளைக்கு வருவது எது என்று பாருங்கள்.

வீட்டுப் பக்கத்தில் எளிதாகக் கிடைக்கும் மற்றவை: உச்சியில் சிறு கொண்டையும் வாலடியில் சிவப்பும் உள்ள சின்னான், செம்பருத்தியில் வந்து தொங்கும் தேன்சிட்டு, எப்போதும் கூட்டமாகவே திரிந்து இலைச்சருகைப் புரட்டும் தவிட்டுக்குருவி, ஆல், அத்தி பழுத்தால் வந்துவிடும் குக்குறுவான். கொண்டலாத்தியைப் பலர் மரங்கொத்தி என்று சொல்கிறார்கள். அது தரையில் நடந்து நீண்ட அலகால் மண்ணைக் குத்தும், மரத்தண்டில் செங்குத்தாகப் பற்றி ஏறாது. என்ன செய்கிறது என்று பார்த்தாலே குழப்பம் தீர்ந்துவிடும்.

நேரம் செலவழித்துப் பார்ப்பதற்கு ஒரு பறவையைச் சிபாரிசு செய்யச் சொன்னால் கரிச்சானைச் சொல்வேன். கம்பியில் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும், தலை மட்டும் இப்படியும் அப்படியும் திரும்பும். சட்டென்று இறங்கும், காற்றிலேயே பூச்சியைக் கவ்வும், பெரும்பாலும் கிளம்பிய இடத்துக்கே திரும்பும். இரை கொஞ்சம் பெரிதாக இருந்தால் காலால் அமுக்கிக்கொண்டு அலகால் பிய்க்கும். கூடு வைத்திருக்கும் காலத்தில் பருந்து அந்தப் பக்கம் வந்தால் தன்னைவிடப் பல மடங்கு பெரிய அதன் முதுகில் பாய்ந்து விரட்டும். அந்தத் துணிச்சலை நம்பிப் புறாவும் சின்னானும் அதே மரத்தில் கூடு கட்டுவது உண்டு. இதையெல்லாம் பார்க்க ஒரு மின்கம்பம் இருந்தால் போதும்.

காதுக்கும் வேலை கொடுங்கள். உச்சி வெயிலில்கூட டுக் டுக் டுக் என்று ஒரே சீராக, பாத்திரம் தட்டுவதுபோல் கேட்பது செம்மார்புக் குக்குறுவான். உள்ளங்கைக்குள் அடங்கும் தையல்சிட்டின் குரல் அதன் உடம்புக்குச் சம்பந்தமே இல்லாத அளவுக்குப் பெரியது. இன்னொன்று: அணில், மைனா, தவிட்டுக்குருவி, காகம் எல்லாம் சேர்ந்து ஒரு மரத்தைச் சுற்றிக் கத்தினால் உடனே அங்கே போய் நில்லுங்கள். உள்ளே வைரி என்கிற சிறிய வேட்டைப் பறவையோ ஆந்தையோ பாம்போ இருக்கும். பகலில் ஆந்தையைப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது.

பைனாகுலர்

இரண்டு வாரம் கழித்தும் ஆர்வம் இருந்தால் வாங்குங்கள். 8x42 என்று எழுதியிருப்பதைத் தேடுங்கள். 8 என்பது எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, 42 என்பது முன் லென்ஸின் விட்டம், மில்லிமீட்டரில். 10 மடங்கு இன்னும் நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் மடங்கு கூடக்கூடக் கை நடுக்கமும் கூடவே பெரிதாகும், பார்வைப் பரப்பு சுருங்கும், இலைகளுக்கு நடுவே பறவையைப் பிடிப்பது கடினமாகும். புதியவருக்கு 8தான் சரி. சுற்றுலாத் தலங்களில் 60 மடங்கு, 100 மடங்கு என்று கூவி விற்பதை வாங்கவே வாங்காதீர்கள். எடுத்துப் பார்த்தால் மங்கலாகத்தான் தெரியும். பெயருள்ள நிறுவனங்களின் தொடக்கநிலைக் கருவி பத்தாயிரம் ரூபாயை ஒட்டிக் கிடைக்கும், அது பல ஆண்டுகள் உழைக்கும். முடிந்தால் யாரிடமாவது இரவல் வாங்கிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

வாங்கியதும் உங்கள் கண்ணுக்கு ஏற்றபடி அதைச் சரிசெய்யவேண்டும். பலர் இதைச் செய்யாமலே தலைவலிக்கிறது என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதலில் இரண்டு குழல்களையும் நெருக்கியோ விலக்கியோ, இரண்டு வட்டமும் ஒன்றாகத் தெரியும்வரை நகர்த்துங்கள். பிறகு தூரத்தில் இருக்கும் ஒரு பெயர்ப்பலகையைக் குறிவைத்து, வலது கண்ணை மூடிக்கொண்டு இடது கண்ணுக்குத் தெளிவாகும்வரை நடுச்சக்கரத்தைத் திருப்புங்கள். இப்போது இடது கண்ணை மூடி, வலது கண் பக்கம் உள்ள வளையத்தைத் திருப்பி அதே எழுத்தைத் தெளிவாக்குங்கள். அந்த வளையத்தை இனித் தொட வேண்டாம், நடுச்சக்கரம் மட்டும் போதும். மூக்குக் கண்ணாடி போடுகிறவர்கள் கண் பக்கத்துக் குவளைகளை உள்ளே இறக்கிவிட்டுக் கண்ணாடியோடே பார்க்கலாம்.

பறவையைப் பிடிக்க ஒரு பழக்கம் வேண்டும். வெறுங்கண்ணால் பறவையைப் பாருங்கள், பார்வையை அதிலிருந்து எடுக்காமல் பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டுவாருங்கள். குனிந்து கருவியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்துபோகும். தெருமுனைப் பலகை, தென்னங்குலை என்று அசையாத பொருட்களில் பழகிவிட்டு, பறக்கும் பருந்துக்கு வாருங்கள். சூரியன் இருக்கும் பக்கம் மட்டும் ஒருபோதும் திருப்பாதீர்கள், கண் போய்விடும். வீடுகளின் சன்னல் பக்கம், விமான நிலையம், துறைமுகம், ராணுவப் பகுதி ஆகியவற்றின் பக்கமும் திருப்பக்கூடாது.

உங்களுக்கென்று ஒரு ஏரி

தமிழ்நாட்டில் பிறந்த ஒருவருக்கு நடந்தோ சைக்கிளிலோ போகும் தொலைவில் ஏரி, குளம், கண்மாய், வாய்க்கால், வயல் என்று ஏதாவது ஒன்று பெரும்பாலும் இருக்கும். பேர்பெற்ற இடமாக இருக்கவேண்டும் என்பதில்லை. வாரம் ஒருமுறை அதே இடத்துக்கு, அதே நேரத்துக்குப் போய்வாருங்கள். பத்து இடங்களுக்கு ஒருமுறை போவதைவிட ஒரே இடத்துக்கு ஆண்டு முழுவதும் போவதில்தான் கற்பது அதிகம் என்று நான் உறுதியாக நம்புகிறேன். எது எப்போது வந்தது, எது எப்போது போனது, எது கூடு கட்டியது என்பதெல்லாம் அப்படித்தான் தெரியவரும்.

காலையில் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி கரையைத் தேர்ந்தெடுங்கள். பளிச்சென்ற சட்டை வேண்டாம். தொப்பி, தண்ணீர், மூடிய காலணி வேண்டும். வரப்பிலும் கரையிலும் நடக்கும்போது பறவையைப் பார்க்காதீர்கள், தரையைப் பாருங்கள், நின்றபிறகு பறவையைப் பாருங்கள். பாம்புக்கு அஞ்சித்தான் சொல்கிறேன். ஆளில்லாத இடத்துக்குத் தனியாகப் போகாமல் துணையோடு போவது நல்லது.

முதல் பாடமாகக் கொக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் மாலை வேளையில் வெள்ளை வெள்ளையாகக் கூட்டம் போகும்போது நகங்களை உரசிக்கொண்டு "கொக்கே கொக்கே பூப்போடு" என்று கத்தியிருப்போம். அந்தக் கூட்டத்தில் போனவை எந்தக் கொக்குகள் என்று இப்போது பார்க்கலாம். நான்கு வகை உண்டு. மாட்டின் காலடியில் நடந்து, மாடு கிளப்பும் பூச்சியைத் தின்பது உண்ணிக்கொக்கு. குட்டைக் கழுத்து, மஞ்சள் அலகு. கூடு வைக்கும் காலத்தில் தலையும் மார்பும் ஆரஞ்சு நிறமாகிவிடும். அலகும் காலும் கறுப்பாக, பாதம் மட்டும் மஞ்சளாக இருப்பது சின்னக் கொக்கு. அது சேற்றில் ஒரு காலை நீட்டி நடுக்கும், அந்தச் சலசலப்பில் வெளியே வரும் மீனைக் கொத்தும். பெரிய கொக்கு ஆள் உயரத்தில் பாதிக்கு மேல் நிற்கும். கழுத்து நடுவில் மடங்கி முறிந்ததுபோல் இருக்கும், வாய்க்கோடு, அதாவது அலகு பிளக்கும் கோடு, கண்ணையும் தாண்டிப் பின்னால் போகும். இதற்கும் சின்னக் கொக்குக்கும் இடைப்பட்டது நடுத்தரக் கொக்கு. அதன் அலகு மஞ்சள், நுனி மட்டும் கறுப்பு. வாய்க்கோடு கண்ணுக்குக் கீழேயே நின்றுவிடும். பெரிய கொக்கையும் நடுத்தரக் கொக்கையும் பிரித்துச் சொல்லப் பழகச் சில வாரம் ஆகும், அவசரப்பட வேண்டாம்.

அடுத்தது மடையான். ஏரியோரம் பழுப்புக் கோடுகளோடு மண்ணோடு மண்ணாகக் குறுகி உட்கார்ந்திருக்கும். நீங்கள் நாலடி தள்ளி நிற்பீர்கள், அது இருப்பதே தெரியாது. கிளம்பினால்தான் சிறகு இரண்டும் தூய வெள்ளையாக விரியும், ஒரு நொடியில் வேறு பறவை ஆகிவிடும். ஒரு மடையான் மீன் பிடிக்கும்வரை பொறுமையாக நின்று பாருங்கள். கழுத்தைத் தோளுக்குள் இழுத்துவைத்து, ஒரு காலை எடுத்துவைக்க அத்தனை நேரம் எடுக்கும். உடம்பு முன்னால் சாயும், கழுத்து மெல்ல நீளும், அப்படியே நிற்கும். குத்தும் கணம் மட்டும் நம் கண்ணுக்குப் பிடிபடாது. அதே பறவை கூடு வைக்கும் காலத்தில் முதுகெல்லாம் அரக்கு நிறமாகி, தலைக்குப் பின்னால் நீண்ட இறகுகளோடு நிற்கும். முதன்முதலில் பார்ப்பவர்கள் புதுப்பறவை என்றே எழுதிவைப்பார்கள்.

நீரில் மூழ்கி மூழ்கி எழும் சிறியது முக்குளிப்பான். கறுப்பு உடம்பு, நெற்றியில் வெள்ளைத் தகடு என்றால் நாமக்கோழி. உடம்பு முழுக்க நீருக்குள் இருக்கக் கழுத்து மட்டும் பாம்புபோல் வெளியே நீண்டு வருவது பாம்புத்தாரா. கல்லில் உட்கார்ந்து சிறகை விரித்துக் காயவைப்பது நீர்க்காகமாகவோ பாம்புத்தாராவாகவோ இருக்கும். கரையில் உங்களைப் பார்த்ததும் ஊரைக் கூட்டுவது ஆள்காட்டி.

என்ன பார்க்கிறீர்கள் என்று கரையில் யாராவது கேட்பார்கள். நின்று பதில் சொல்லுங்கள், பைனாகுலரைக் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மீன் பிடிப்பவர், வாத்து மேய்ப்பவர், நெல்லுக்குக் காவல் இருப்பவர் ஆகியோருக்கு அந்த ஏரியில் எந்தக் கருவேல மரத்தில் எது அடையும் என்பது தெரியும். பிள்ளைகள் வந்தால் இன்னும் நல்லது, அவர்கள் கண் நம்முடையதைவிடக் கூர்மை.

எந்த மாதம் எதைப் பார்ப்பது

செப்டம்பர், அக்டோபரில் வடக்கிலிருந்து வலசை வருபவை வந்துசேரத் தொடங்கும். வாலை ஆட்டிக்கொண்டே தரையில் ஓடும் வாலாட்டிக் குருவி, கம்பிகளில் வரிசையாக அமரும் தகைவிலான், புதரில் பழுப்புக் கீச்சான் இவையெல்லாம் அப்போது வரும். ஆறுமணிக் குருவியும் இமயமலை அடிவாரப் பக்கமிருந்து அந்த நேரத்தில்தான் வருகிறது. விடியலிலும் அந்தியிலும் குரல் கொடுப்பதால் வந்த பெயர் அது. பச்சை, நீலம், மஞ்சள், சிவப்பு என்று இருக்கும் அது, நெடும்பயணத்தில் களைத்துச் சில சமயம் நகரத்து வீட்டு முற்றத்தில்கூட விழுந்துகிடக்கும். அப்படிக் கண்டால் காற்றோட்டமுள்ள அட்டைப்பெட்டியில் வைத்து, பூனை அண்டாத இருட்டான இடத்தில் வைத்துவிட்டு, வனத்துறைக்குச் சொல்லுங்கள். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நவம்பரில் இருந்து மார்ச்வரை நீர்ப்பறவைகளின் காலம். கோடை தொடங்கும்போது குயிலும் குக்குறுவானும் ஓயாமல் கூவும். மழைக்காலம் தொடங்கி நாணலும் நெல்லும் உயர்ந்தபின் தூக்கணாங்குருவி கூடு பின்னத் தொடங்கும். ஆண் பாதிக்கூட்டைப் பின்னிவிட்டுத் தொங்கிக்கொண்டே சிறகடித்துப் பெண்ணை அழைக்கும். பெண் வந்து உள்ளே நுழைந்து பார்த்துப் பிடித்தால்தான் மீதியைக் கட்டும். இது சிறுவயதில் நாம் கண்ட கூடுதான். அப்போது பறவை போனபிறகு விழுந்த கூட்டைக் கையில் எடுத்திருப்போம், இப்போது கட்டுவதை உட்கார்ந்து பார்க்கலாம்.

குறிப்பேடும் செயலியும்

ஒரு சின்ன நோட்டு எப்போதும் பையில் இருக்கட்டும். தேதி, நேரம், இடம், வானிலை, பறவை, எத்தனை, என்ன செய்தது. பெயர் தெரியாததைக் கிறுக்கலாகவாவது வரையுங்கள். உடம்புக்கு ஒரு முட்டை வடிவம், தலைக்கு ஒரு வட்டம், அலகு, வால், எந்த இடத்தில் என்ன நிறம் என்று அம்புக்குறி. வரையவேண்டும் என்று நினைத்தாலே கண் இன்னும் கவனமாகப் பார்க்கும். வீட்டுக்கு வந்தபின் நூலைத் திறங்கள், களத்தில் திறந்தால் பறவை போய்விடும்.

கைபேசியில் மெர்லின் என்ற இலவசச் செயலி உண்டு. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்துப் பறவையியல் ஆய்வகம் தருவது. இந்தியாவுக்கான தொகுப்பை இறக்கிக்கொண்டால் எங்கே, எப்போது பார்த்தீர்கள், அளவு, நிறம், என்ன செய்தது என்று கேட்டுப் பொருந்தக்கூடிய பெயர்களைக் காட்டும். குரலைக் கேட்டும் பெயர் சொல்லும். அது சொல்வதை ஒரு யோசனையாக எடுத்துக்கொள்ளுங்கள், கண்ணால் பார்த்து உறுதி செய்யாமல் எழுதாதீர்கள். அதே ஆய்வகம் 2002இல் தொடங்கிய இபேர்டு தளத்தில் உங்கள் பட்டியலைப் பதிவிடலாம். பார்த்த இடம், தொடங்கிய நேரம், எவ்வளவு நேரம், எவ்வளவு தூரம் நடந்தீர்கள், எந்தப் பறவை எத்தனை. அரிதானதை மட்டும் எழுதிவிட்டுக் காகத்தை விட்டுவிடக் கூடாது. அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினால்தான் அந்தப் பட்டியல் ஆய்வுக்குப் பயன்படும். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 வகைகளை மதிப்பிட்டது, 178 வகைகளுக்கு உடனடிக் கவனம் வேண்டும் என்றது. அதற்கு அடிப்படை நாடு முழுவதும் சாதாரண மக்கள் போட்ட இப்படிப்பட்ட பட்டியல்கள்தான்.

சில கண்டிப்பான விதிகள்

கூட்டின் பக்கம் போகக்கூடாது. படம் எடுக்க வசதியாகக் கிளையை ஒடிக்கவே கூடாது, மறைப்புப் போனால் காகமும் வல்லூறும் குஞ்சைத் தூக்கிவிடும். கூடு இருக்கும் இடத்தைச் சமூக வலைத்தளத்தில் போடாதீர்கள். பறவையை வரவழைக்கக் கைபேசியில் அதன் குரலை ஒலிக்கவிடுகிறார்கள், இதை வன்மையாக எதிர்க்கிறேன். எதிரி வந்துவிட்டதாக நினைத்து அந்தப் பறவை இரையையும் குஞ்சையும் விட்டுவிட்டு அலையும். கூட்டம் பறப்பதைப் பார்க்கக் கல் எறிவது, கைதட்டுவது எல்லாம் கொடுமை. கிளி வளர்ப்பது சிறுவயதில் பல வீடுகளில் சாதாரணமாக இருந்தது. நம் நாட்டுக் கிளிகளைப் பிடிப்பதும் கூண்டில் வைப்பதும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

சரணாலயத்துக்குப் போகும் நாள்

உங்கள் ஏரியில் இருக்கும் பறவைகளைப் பார்த்ததும் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டால் இப்போது கிளம்பலாம். செங்கல்பட்டு மாவட்டத்தில் வேடந்தாங்கலும் பக்கத்திலேயே கரிக்கிலியும் இருக்கின்றன. நெல்லைப் பக்கம் கூந்தன்குளம், ஈரோட்டுக்கு வெள்ளோடு, தஞ்சாவூருக்கு வடுவூர், அரியலூருக்குக் கரைவெட்டி, திருப்பூருக்கு நஞ்சராயன் குளம். கடலோரம் என்றால் கோடியக்கரை, பழவேற்காடு, தனுஷ்கோடியில் பூநாரைகள். இலங்கையில் இருப்பவர்களுக்கு மன்னார் இருக்கிறது. சென்னைக்காரர்களுக்குப் பள்ளிக்கரணை ஊருக்குள்ளேயே இருக்கிறது. கோவைக்காரர்களுக்குச் சிங்காநல்லூர், உக்கடம் குளங்கள். அந்த ஆண்டு மழை எப்படி, ஏரியில் தண்ணீர் இருக்கிறதா என்று விசாரித்துவிட்டுப் போங்கள். தண்ணீர் இல்லாவிட்டால் பறவை இல்லை.

வேடந்தாங்கலுக்கு மாலை மூன்று மணிக்கு மேல் போவது நல்லது. இரை தேடப் போனவை கூட்டம் கூட்டமாக அடையத் திரும்பும் நேரம் அது. அலகு இரண்டும் நடுவில் ஒட்டாமல் இடைவெளி விட்டிருந்தால் நத்தைக்குத்தி நாரை. வாலோரம் இளஞ்சிவப்பு, அலகு மஞ்சள் என்றால் சங்குவளை நாரை. அலகு நுனி கரண்டிபோல் தட்டையாக இருந்தால் கரண்டிவாயன். அலகுக்குக் கீழே பெரிய பை தொங்கும் கூழைக்கடாவை யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எல்லாவற்றையும் பார்க்க ஆசைப்படாமல் ஒரு மரத்தை மட்டும் பைனாகுலரில் பிடித்து, அதில் எந்தப் பறவை எந்தக் கிளையில், எது குஞ்சுக்கு ஊட்டுகிறது என்று பார்த்தால் மனதில் நிற்கும். அங்குள்ள மக்கள் பல தலைமுறைகளாக இந்தப் பறவைகளைக் காத்துவருகிறார்கள். 1798இலேயே அப்போதைய ஆட்சியர் லயனல் பிளேஸ், பறவைகளைக் காக்கும் அந்த உரிமையை அவ்வூர் மக்களுக்கு எழுத்துப்பூர்வமாக உறுதி செய்து தந்திருக்கிறார். எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு உரமாகிறது என்பது அவர்கள் அனுபவத்தில் கண்டது. சிவகங்கை மாவட்டத்து வேட்டங்குடி அருகே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிப்பதில்லை. இப்படிப்பட்ட ஊர்களுக்குப் போகிறோம் என்ற மரியாதையோடு போகவேண்டும். பாட்டுப்பெட்டியும் பிளாஸ்டிக் குப்பையும் அங்கே வேண்டாம்.

மற்றவர்களோடு சேர்ந்து பார்க்க

தனியாகப் பழகியபின் ஒரு குழுவோடு போய்ப் பாருங்கள். அனுபவசாலி ஒருவர் கூட நின்றால் ஒரு காலை நேரத்தில் கற்பது ஏராளம். சென்னையில் 1978இல் தொடங்கிய மெட்ராஸ் இயற்கையாளர் சங்கம் இருக்கிறது. மற்ற ஊர்களிலும் இப்படிப்பட்ட குழுக்கள் உண்டு. தெரியாததைக் கூச்சப்படாமல் கேளுங்கள்.

பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுவதும் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு 2015 முதல் நடக்கிறது. பிப்ரவரியில் நான்கு நாட்கள் உலகளவில் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். இரண்டிலும் கலந்துகொள்ளத் தகுதி என்று எதுவும் இல்லை. பொங்கலுக்கு எப்படியும் ஊருக்குப் போவீர்கள். முதலில் எழுதிய அந்தப் பழைய பட்டியலைக் கையோடு எடுத்துப்போய், ஊர்க் கண்மாய்க் கரையில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்ததை எண்ணி இபேர்டில் ஏற்றுங்கள். எண்ணிக்கை பெரிதாக இருந்தால் பத்துப் பத்தாகக் குத்துமதிப்பாக எண்ணலாம். வழக்கத்துக்கு மாறான பறவையையோ எண்ணிக்கையையோ பதிந்திருந்தால் தன்னார்வலர் ஒருவர் மின்னஞ்சலில் விளக்கம் கேட்பார். அதைக் குற்றச்சாட்டாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நோட்டில் இருக்கும் அளவு, அலகு, நடத்தை, கிறுக்கல் படம் எல்லாவற்றையும் அப்படியே எழுதி அனுப்புங்கள். உறுதியில்லை என்றால் உறுதியில்லை என்றே எழுதுங்கள், அதற்கும் மதிப்பு உண்டு.